எங்கள் வீட்டு எரிகோ

செப்டம்பர் 25, வெள்ளி

இந்த டைரியைப் பிரதர் ரூபஸ் புதுவருஷத்தன்று கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இன்று நான் பெற்ற நன்மை' என்று அச்சடித்துக் கோடு போட்டிருக்கிறது. தினமும் நிரப்பினால் எழுதிய நன்மையெல்லாம் நூறு மடங்காகத் திரும்பி வருமாம். ஒன்பது மாதமாக மருமகள் கிறிஸ்டில்டா இதற்குள் கரண்ட் பில்லைச் செருகி வைத்திருந்தாள். இன்றைக்கு என் கையில் திணித்துவிட்டாள்.

"சும்மாதான இருக்கிய மாமா. ஆளக் கேலி பண்ணுத நேரத்துல ரெண்டு நன்மைய எழுதுங்க."

நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு ஆட்டுக்குக் குழை ஒடித்தேன். எழுத்தில் பிழையிருந்தால் ஆட்டைக் கேட்டுக்கொள்ளவும்.

இன்று நான் பெற்ற நன்மை: முன்பல் ஒன்று வலிக்காமல் விழுந்தது. நூறு மடங்கு வேண்டாம் ஆண்டவரே, வாயில் அத்தனை இல்லை.

அக்டோபர் 2, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள். ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமை மட்டும் பிரதர் ரூபஸின் 'நிரம்பி வழியும் பாத்திரம்' உபவாச ஜெபத்துக்கும் போகிறோம். கோயிலில் ஐயர் (எங்கள் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) பிரசங்கம் செய்தால் தூக்கம் வரும். பிரதர் பேசினால் பசி வரும். இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்றைக்குப் பிரதர், வறுமை ஒரு சாபம் என்றார். சாபம் சும்மா வராது, பாவத்தின் வழியாகத்தான் வரும் என்றார். ராஜாவின் பிள்ளைகள் ஓட்டு வீட்டில் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டபோது எங்கள் ஓட்டு வீட்டின் திசையைப் பார்த்தார். கிறிஸ்டில்டா தலையைக் குனிந்துகொண்டாள். போன மாதம் அவள் தங்கச்சி மாடி வீடு கட்டிப் பிரதிஷ்டை ஜெபம் வைத்தாள். அங்கே இவளுக்கு அடுக்களைப் பக்கம் நாற்காலி போட்டார்களாம். அதிலிருந்து இவளுக்கு ஓட்டைப் பார்த்தாலே கண் கலங்குகிறது.

எனக்கு வாய் நிற்காது. எழுந்தேன்.

"பிரதர், ஒரு சந்தேகம். ஆண்டவருக்கே தலசாய்க்க எடமில்லன்னு வேதத்துல இருக்குல்லா. அவரு என்ன பாவம் செஞ்சாரு?"

கூட்டம் சிரித்தது. பிரதரும் சிரித்தார். "தாத்தா நல்ல தமாஷ்காரர்" என்று சொல்லிப் பாட்டுக்குக் கைகாட்டிவிட்டார். என் கேள்விக்குப் பதில் சொன்னது கீபோர்டுதான்.

வெளியே வந்தபோது பிரதரின் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பின்கண்ணாடியில் 'கர்த்தர் தந்தது' என்று ஒட்டியிருந்தது. கர்த்தர் தந்தார், நாங்கள் தள்ளினோம்.

அக்டோபர் 3

விஷயம் இப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீடு மெயின் ரோட்டில் இருக்கிறதல்லவா, அதை ஊழியத்துக்கு விதையாக விதைக்கச் சொல்லியிருக்கிறார் பிரதர். ஜெபவீடு ஆகுமாம். பழைய பாத்திரத்தை உடைத்துக் கொடுத்தால் புதிய பாத்திரம் நிரம்பி வழியும். ஓட்டு வீட்டை விதைத்தால் மாடி வீடு முளைக்கும். வீடு என் பேரில். நான் தானப்பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"முளைக்கிற வரைக்கும் எங்க படுக்கம்மா?"

"விசுவாசத்துல படுக்கணும் மாமா."

"கொசு கடிக்குமே."

மகன் ஜெபசிங் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். பத்துப் பேருக்கான சரக்கை ஏற்றி இறக்குவான், ஒரு வார்த்தையை வாயிலிருந்து இறக்க மாட்டான். "பாத்துச் செய்யலாம்" என்றான். இருபது வருஷமாக அவன் சொல்லும் வசனம் அது ஒன்றுதான்.

நான் பிடிகொடுக்காததால், வீட்டுக்குள் ஓர் ஆகான் இருக்கிறான் என்று முடிவாகிவிட்டது. ஆகான் என்பவன் யோசுவா காலத்தில் கொள்ளைப் பொருளைக் கூடாரத்துக்குள் புதைத்துவைத்து, படை முழுவதையும் தோற்க வைத்தவன். கிறிஸ்டில்டா என் தலையணையை உதறினாள். மூக்குப்பொடி டப்பா விழுந்தது.

"இதாம் மாமா நம்ம ஆசீர்வாதத்த அடச்சிட்டு இருக்கு."

"ஆசீர்வாதம் மூக்கு வழியாவா வருது?"

டப்பா குப்பைத்தொட்டிக்குப் போயிற்று.

இன்று நான் பெற்ற நன்மை: இன்னொரு டப்பா அரிசிப் பானையில் இருக்கிறது.

அக்டோபர் 5, திங்கள்

தவசிமுத்துவோடு திருநெல்வேலி போய்வந்தேன். அல்வா வாங்க என்று வீட்டில் சொன்னேன். தவசி எனக்குச் சின்ன வயது முதல் கூட்டாளி. இப்போது கோயில் கமிட்டி மெம்பர், கட்டட கான்ட்ராக்டர். அவன் கட்டிய பாலத்தில் அவனே நடக்க மாட்டான், சுற்றித்தான் போவான்.

போன இடத்தில் ஒரு டாக்டரையும் பார்த்தோம். ஒன்றுமில்லை, கொஞ்ச நாளாகச் சோறு இறங்க அடம்பிடிக்கிறது. டாக்டர் பேரன் வயது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க தாத்தா" என்றார்.

"நாந்தாம்யா வீடு. பத்திரம் என் பேர்லதான் இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தவசியிடம் ஏதோ பேசினார். சிரிக்காத டாக்டரை நான் நம்புவதில்லை.

 திரும்பும் பஸ்ஸில் தவசி பேச்சை மாற்ற ஒரு ரகசியம் சொன்னான். தேரி மணற்காட்டுக்குப் போகும் வழியில் செம்மண் நிலத்தைச் சுற்றி அவன் மதில் கட்டுகிறானே, அது சிங்கப்பூர்க்காரர் வீடு என்று ஊரே நினைக்கிறது. இல்லையாம். பழைய கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டதால் கோயில் கமிட்டி வாங்கிய புதுக் கல்லறைத் தோட்டமாம்.

"மதில் முடியிற வரைக்கும் மூச்சு விடப்படாது வே. பக்கத்துத் தெருக்காரன் மனு குடுத்துருவான்" என்றான். "அதுகூடப் பெருசில்ல. முடிஞ்ச பெறவுதான் சிக்கலு. புதுக் கல்லறைக்கு மொத ஆளா எவன் வீட்டுப் பொணத்தக் குடுப்பான்? மொதல்ல வச்ச வீட்டுல அடுத்தடுத்துப் போகும்னு பயப்படுவானுவ."

"பாப்போம்" என்றேன். "எவனாவது விவரங்கெட்டவன் கெடைக்காமலா போவான்?"

தவசி அதற்கும் சிரிக்கவில்லை. இன்றைக்கு யாருக்குமே சிரிப்பு வரவில்லை. அல்வா அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 7

நேற்று நான் குளிக்கும்போது தவசி வந்து கிறிஸ்டில்டாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனானாம். என்ன விஷயம் என்றேன். கொத்தமல்லி விலை என்றாள். கான்ட்ராக்டருக்கும் கொத்தமல்லிக்கும் என்ன சம்பந்தமோ. அவன் சிமெண்டில் எதைக் கலக்கிறான் என்று இப்போது சந்தேகம் வருகிறது.

ராத்திரி ஜெபத்தில் வழக்கமாக மாடி, பால்கனி, வெள்ளைக் கார் எல்லாம் வரிசையாக வரும். நேற்று கார் வரவில்லை. பால்கனியும் வரவில்லை. "ஒரு வீடு, ஆண்டவரே, சீக்கிரமா ஒரு வீடு" என்று மட்டும் சொல்லி அழுதாள். பட்டியல் இப்படிச் சுருங்கினால் ஊழியம் என்னத்துக்கு ஆகும்?

அக்டோபர் 9, வெள்ளி

பெரிய தமாஷ். 

உபவாச ஜெபத்துக்கு முன்னால் கிறிஸ்டில்டா பிரதரிடம் தனியாக ஏதோ கேட்டாள். பிரதர் அவள் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். அவள் முகம் தெளிந்துவிட்டது. பிறகு பிரதர் எங்கள் மூவரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார். எங்களுக்கு ஆண்டவர் காட்டும் நிலத்தைத் தேடுகிறாராம். தேரி வழியில் வந்ததும் "நிறுத்து!" என்று அவருக்கு அவரே சொல்லி நிறுத்தினார். நேர் எதிரே தவசியின் மதில்.

"சகோதரி, நீங்கள் கட்டாத மதிலுக்குள் குடியிருப்பீர்கள்! இந்த மண் உங்கள் குடும்பத்துக்கு நித்தியமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது!"

எனக்குச் சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் கண்ணீர் வந்தது. நான் அபிஷேகத்தில் நிரம்பிவிட்டதாகப் பிரதர் நினைத்துக்கொண்டார்.

எரிகோவைச் சுற்றியதுபோலச் சுற்ற வேண்டுமாம். அந்தக் காலத்தில் ஆறு நாள் ஊரை ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, பிறகு எக்காளம் ஊதிச் சத்தம் போட்டதும் மதில் விழுந்ததல்லவா. அதே கணக்கு. சுற்று முடிந்ததும் திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசில் வீட்டை எழுதிவைக்க வேண்டும்.

நான் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துச் சொன்னேன்: "பிரதர், எரிகோவுல மதில் விழுந்துச்சுல்லா. இங்கயும் விழட்டும். விழுந்தா மறுபேச்சில்லாமக் கையெழுத்துப் போடுதேன். விழலன்னா இந்த வீட்டுப் பேச்ச எவரும் எடுக்கப்படாது."

பிரதர் மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் கிறிஸ்டில்டா "ஆமென்" என்றாள்.

இன்று நான் பெற்ற நன்மை: வீடு தப்பியது.

அக்டோபர் 10

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. காலையில் மருமகளிடம் உண்மையைச் சொன்னேன்.

"எம்மா, அது கல்லறத் தோட்டம்."

"போங்க மாமா. போன வருசம் பிஷப் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாராருன்னு சொல்லி ரெண்டு கோழிய அறுக்க வச்சிய."

"அது சும்மா. இது நெசம்."

"அதையும் நெசம்னுதான் சொன்னிய."

தவசியைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னேன். அந்தப் பாவி, "கல்லறையா? எந்தக் கல்லற? உங்க மாமாவுக்கு வெயில் ஒத்துக்கலம்மா" என்றான். கமிட்டி ரகசியமாம்.

எழுபத்தாறு வயது வரை ஊரைக் கேலி செய்தவன், ஒரே ஒரு நாள் உண்மை பேசினேன். எடுபடவில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

முதல் சுற்று. விடியற்காலை. முன்னால் கிறிஸ்டில்டா, நடுவில் நான், பின்னால் ஜெபசிங். சுற்றும்போது வாயைத் திறக்கக் கூடாது, அது யோசுவாவின் சட்டம். யோசுவா என்னைப் போன்ற ஆளைப் படையில் பார்த்திருக்க மாட்டார்.

இன்று நான் பெற்ற நன்மை: காலில் நெருஞ்சி முள். மண் தருகிறேன் என்ற வாக்குக்கு முன்பணம்.

அக்டோபர் 12

இரண்டாம் சுற்று. எதிரே பால்காரர் வந்தார், "என்ன பெரியவரே, வாக்கிங்கா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் பல்லைக் கடித்தேன். இருக்கிற பல்லை.

அக்டோபர் 13

என் சட்டைகள் நாலும் திடீரென்று அளவாகிவிட்டன. தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தவை ஒட்டி நிற்கின்றன. துவைத்ததில் சுருங்கிவிட்டன என்றாள் கிறிஸ்டில்டா. நீளம் அப்படியே இருக்க அகலம் மட்டும் சுருங்கும் துணியை இப்போதுதான் பார்க்கிறேன். தையல் மெஷினில் வெள்ளை நூல் மாட்டியிருந்தது. 

அக்டோபர் 15

நேற்றும் இன்றும் மழை. பாதிச் சுற்றில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கிறிஸ்டில்டா குடையை என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முழுதும் நனைந்தாள். பேசக் கூடாதல்லவா, அதனால் இரண்டு பேரும் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதிலும் நனைந்துகொண்டிருந்தது. தவசி கட்டிய மதிலை மழையில் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"நீங்க வீட்டுல இருங்களேன்ப்பா" என்று ஜெபசிங் சட்டத்தை மீறிப் பேசிவிட்டான். கிறிஸ்டில்டா பதறிப்போய், "மாமா கட்டாயம் வரணும்" என்று அவளும் மீறினாள். நான் வந்தால்தான் சுற்று சேருமாம். 

அக்டோபர் 17, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஏழு சுற்றை நான் நடந்து முடிக்கவில்லை. மூன்றுக்குமேல் ஜெபசிங் என்னைக் குட்டியானையில் ஏற்றி ஓட்டினான். யோசுவா அதைத் தடுக்கவில்லை. பிரதர் ரூபஸும் வந்திருந்தார், சேறு படாமல் கார் பக்கத்திலேயே நின்றார். ஏழாம் சுற்று முடிந்ததும் எக்காளத்துக்குப் பதிலாக ஜெபசிங் குட்டியானையின் ஹாரனை அடித்தான். கிறிஸ்டில்டா தொண்டை கிழிய அல்லேலூயா என்று கத்தினாள்.

மதில் விழுந்தது.

தெற்குப் பக்கம் முழுசாக, ஒரு கிழவன் பாயில் சாய்வதுபோல அவசரமே இல்லாமல் சாய்ந்தது. இரண்டு நாள் மழை ஒரு காரணம். தவசி சிமெண்ட் என்று நினைத்துக்கொண்டிருந்த மணல் இன்னொரு காரணம். ஆனால் அந்த நேரத்தில் இதை யாரிடம் சொல்ல? பிரதர் ரூபஸே இரண்டடி பின்னால் குதித்தார். எங்களில் அதிகம் பயந்தவர் அவர்தான். பிறகு சுதாரித்து, "திங்கட்கிழமை, தாத்தா!" என்று கையை உயர்த்தினார்.

நான் தோண்டிய குழியில் நானே நின்றேன்.

அதற்குள் சத்தம் கேட்டு தவசி சைக்கிளில் பறந்து வந்தான். பின்னாலேயே ஐயரும் வந்தார்.

"எவம்லே ஏங் கல்லறை மதில இடிச்சது?" என்றான் தவசி.

ரகசியம் போயே போய்விட்டது. ஐயர்தான் பொறுமையாகச் சொன்னார், "ஆமாம்மா, சபைக்குப் புதுக் கல்லறைத் தோட்டம். மதில் முடிஞ்சதும் பிரதிஷ்டை வைக்கிறதா இருந்தோம்."

கிறிஸ்டில்டா என் பக்கம் திரும்பினாள். நிலம் போனதற்காக அழுவாள் என்றுதான் நினைத்தேன். ஆறுதலாக ஒரு கேலிகூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"மாமா, நான் ஒங்களுக்காகல்லா சுத்துனேன்" என்றாள். "தவசி மாமா வந்து டாக்டர் சொன்னத எல்லாம் சொன்னாவ. பிரதர்ட்ட கேட்டேன். விசுவாசத்துல ஒரு வீட்டத் தொடங்குனா அது கட்டி முடியிற வரைக்கும் வீட்டுப் பெரியவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னாரு. அதுக்குத்தான் சுத்துனேன். ஒங்களக் கூட்டிட்டு... ஏழு நாளும்... கல்லறையப் போயி..."

அப்படியே செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள்.

தயார் செய்த கேலி வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது. கோடு போட்ட இடத்தில் இன்றைக்கு எழுத ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் 'கர்த்தர் தந்தது' நிற்கிறது. பிரதர் பத்திரத்தை எழுதியே கொண்டுவந்துவிட்டார். நாளை வரை பொறுக்கவில்லை.

"நிலம் மாறிப்போனது சத்துருவின் தந்திரம். நமக்கு வேறே நிலம் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் மதில் விழுந்ததா இல்லையா, தாத்தா?"

விழுந்தது. அதை எப்படி மறுப்பேன்? வாழ்க்கை முழுக்க அடுத்தவன் பேச்சில் மாட்டாமல் தப்பித்தவன், சொந்தப் பேச்சில் மாட்டிக்கொண்டேன். பேனாவைக் கேட்டேன். ஜெபசிங் எழுந்து நின்றான். என்னவோ பேசப் போகிறான் என்று பார்த்தேன். பேனாவை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

கிறிஸ்டில்டா அடுக்களையிலிருந்து வந்தாள்.

"பிரதர், மாமாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியளே. ஒருவேள ஆச்சுன்னா?"

"சகோதரி, விசுவாசம் குறையாமல் இருந்தால்..."

"ஆச்சுன்னா எனக்கு விசுவாசம் கொறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். அப்படித்தான?"

பிரதர் தலையைப் பாதி ஆட்டினார்.

"வீடு சின்னதா இருந்தா நான் பாவி. மாமாவுக்குச் சொகமில்லன்னா அதுக்கும் நான் பாவி. எந்தப் பக்கம் போனாலும் நாந்தானா?" அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கு மாமா ஒரு கேள்வி கேட்டாவ. ஆண்டவருக்கே தலசாய்க்க எடமில்லயே, அவரு என்ன பாவம் செஞ்சாருன்னு. நீங்க பாட்டுப் போட்டுட்டிய. இங்க கீபோர்டு இல்ல. இப்ப சொல்லுங்க."

பிரதர் பைக்குள் எதையோ தேடினார்.

"இது மாமா படுத்திருக்கிற வீடு. இத விதைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போனவள் திரும்பி வந்து, "காப்பி குடிச்சிட்டுப் போங்க பிரதர்" என்றாள். எங்கள் ஊர்க்காரி அல்லவா.

கார் இன்றைக்கும் ஸ்டார்ட் ஆகவில்லை. நானும் ஜெபசிங்கும் சந்தோஷமாகத் தள்ளினோம்.

அக்டோபர் 21

ஐயர் பார்க்க வந்தார். புதுக் கல்லறைக்கு முதல் ஆள் கிடைக்காத கவலையை நைசாக எடுத்தார். "என் பேர எழுதிக்கிடுங்க ஐயரே. எனக்கு அடுத்தடுத்துப் போகும்ங்கிற பயம் இல்ல, நாந்தான் ஊர்லயே மூத்தவன்" என்றேன். கிறிஸ்டில்டா அடுக்களையில் ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

பிறகு வந்து ஐயரிடம் கேட்டாள்: "மதில் முடியாம பிரதிஷ்ட வைப்பியளா ஐயா?"

"இல்லம்மா. மதில் முடியணும்."

"பிரதிஷ்ட வைக்காம யாரையாவது அடக்கம் பண்ணுவியளா?"

"அதெப்படி?"

"செரி" என்றாள்.

அக்டோபர் 30

டாக்டரிடம் மூவரும் போய்வந்தோம். இந்தத் தடவை டாக்டர் சிரித்தார், ஆனால் என் தமாஷுக்கு இல்லை. கிறிஸ்டில்டா அவரிடம் அத்தனை கேள்வி கேட்டாள். மாத்திரை, கஞ்சி, மறுபடி மாத்திரை. இரண்டாவது பொடி டப்பாவும் அகப்பட்டுவிட்டது. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

நவம்பர் 6, வெள்ளி

தவசி புலம்பிக்கொண்டு வந்தான்.

"ஓய், ஒம்ம மருமகள நிறுத்தும் வே. தெனமும் காலைல கல்லறைக்கு வந்துருதா. நூலப் பிடிக்கா, தூக்குக்குண்டத் தொங்கவிடுதா. இந்தச் செங்கல் வரி கோணல், அந்த வரி கோணல்னு இடிச்சுக் கட்டச் சொல்லுதா. இல்லன்னா மணல் விஷயத்தக் கமிட்டியில சொல்லிருவாளாம். ஏழெட்டு வரி கட்டுனா அஞ்சு வரிய இடிக்கேன். இப்படிப் போனா இது எப்ப வே முடியும்?"

"நல்லாக் கட்டும். நான் குடியிருக்கப்போற எடம்லா" என்றேன்.

பகலில் அவள் கஞ்சி கொண்டுவந்தபோது விரல் நுனியில் செம்மண் இருந்தது. பிரதர் ரூபஸ் ஜெபத்துக்கு இப்போது அவள் போவதில்லை. ஆனாலும் அவர் சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் அவள் விடவில்லை போலிருக்கிறது. கட்டி முடிகிற வரைக்கும். நான் அதைக் கேலி செய்ய வாயெடுத்தேன். அவள் கரண்டியை வைத்து வாயை அடைத்துவிட்டாள்.

"மதில் எப்பம்மா முடியும்?"

"அவசரமா ஒங்களுக்கு? குடிங்க."

இன்று நான் பெற்ற நன்மை: பாதிக் கஞ்சி இறங்கியது. மேற்கு மதில் கோணலாம். நாளைக்கு இடிக்கிறார்கள்.